நெஞ்சு படபடக்கும்போது

(குடும்பங்களுக்கான ஞானப் பாடம்)



ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை. கோவில் நிறைந்திருக்கிறது. நடுவரிசையில், இரு பக்கமும் ஆட்கள் நெருக்கி நிற்க, ஒரு தாய் நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்தின இரவு அவளுக்குச் சரியான தூக்கமில்லை. மகனுடைய படிப்புச் செலவு, அடகில் கிடக்கும் நகை, படுத்த படுக்கையாயிருக்கும் மாமியார் என்று கவலைகள் வரிசையாக நிற்கின்றன. ஆயினும் அந்த வேளையில் அவள் அவற்றை நினைக்கவில்லை. செபத்தில்தான் இருக்கிறாள்.

எழுந்தேற்ற மணி அடிக்கிறது. திடீரென்று அவளுடைய இருதயம் உலக்கை கொண்டு இடிப்பதுபோல் இடிக்கிறது. மூச்சு முட்டுகிறது. உள்ளங்கை வேர்த்துச் சில்லிடுகிறது. விரல் நுனியும் உதடும் மரத்துப்போகின்றன. பீடமும் மெழுகுவர்த்தியும் எங்கோ தூரத்தில் இருப்பதுபோல் தோன்றுகின்றன. "இதோ சாகப்போகிறேன், அல்லது எல்லார் முன்னும் விழுந்து மானங்கெடப்போகிறேன்" என்ற ஒரே நினைவு. ஆட்களை விலக்கிக்கொண்டு வெளியே ஓடுகிறாள். வேப்பமரத்தடியில் கால்மணி நேரம் உட்கார்ந்தபின் எல்லாம் அடங்கிவிடுகிறது.

அடுத்த ஞாயிறு அவள் கோவிலுக்குப் புறப்படும்போதே கால் நடுங்குகிறது. மூன்றாம் ஞாயிறு வயிற்றுவலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுகிறாள். அதன்பின் சந்தைக்குப் போவதில்லை, பஸ் ஏறுவதில்லை. "பூசையை நடுவில் விட்டு வந்தேனே, சாவான பாவமோ?" என்ற கலக்கம் வேறு. வெளியே சொல்ல வெட்கம். பக்கத்து வீட்டார் காற்றுச் சேட்டை என்கிறார்கள். புருஷன் "எல்லாம் உன் மனப்பிரமை" என்கிறான்.

நம்முடைய வீடுகளில் இப்படிப்பட்ட தாய்மார் உண்டு. தகப்பன்மாரும், பரீட்சைக்குப் படிக்கும் வாலிபரும் உண்டு. அவர்களுக்காகவும் அவர்களோடு வாழும் நமக்காகவும் இந்த வாரப் பாடம் எழுதப்படுகிறது. நாம் கற்கவேண்டியது ஒன்றுதான்: இந்தப் படபடப்பு பாவமுமல்ல, பிசாசுமல்ல, சாவுமல்ல. ஓடினால் துரத்தும், நின்றால் தானே தணிந்துபோகும்.

1. சரீரத்தில் நடப்பது என்ன?

சர்வேசுரன் நம் சரீரத்தைப் படைத்தபோது, ஆபத்து வேளைக்கென்று ஒரு காவலையும் அதில் வைத்தார். வழியில் நாகம் படமெடுத்து நிற்கக் கண்டால், நாம் யோசிக்குமுன்னே கால் பின்னுக்குத் தாவுகிறது அல்லவா? சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் என்னும் இரு சிறு சுரப்பிகளிலிருந்து ஒரு ரசம் இரத்தத்தில் கலக்கிறது. உடனே இருதயம் வேகமாய் அடித்து, கைகால் தசைகளுக்கு இரத்தத்தை அனுப்புகிறது. மூச்சு விரைகிறது. வேர்வை பெருகுகிறது. செரிமானம் நின்று வயிறு பிசைகிறது. எதிர்த்து நிற்கவோ தப்பியோடவோ சரீரம் ஆயத்தமாகிறது. அமெரிக்க நாட்டு ஹார்வர்டு சர்வகலாசாலையின் வால்டர் கேனன் என்ற சரீர சாஸ்திரி 1915-ல் வெளியிட்ட நூலில் இதை விவரமாக எழுதினார்.

சில வேளைகளில், நாகமும் இல்லை, திருடனும் இல்லை. காவல் மணி மட்டும் அடித்துவிடுகிறது. நெடுநாள் கவலை, தூக்கமின்மை, துக்கம், வியாதிக்குப் பின் வரும் பலவீனம் இவற்றால் மணிக்கயிறு தளர்ந்து, லேசான காற்றுக்கே அசைந்துவிடுகிறது. இதையே வைத்தியர்கள் 'பானிக் அட்டாக்' என்கிறார்கள். பீதித் தாக்குதல் என்று சொல்லலாம். பெரும்பாலும் பத்து நிமிடத்திற்குள் உச்சத்தை எட்டி, அரைமணி நேரத்திற்குள் அடங்கிவிடும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம்.

மூச்சைப்பற்றி ஒரு வார்த்தை. மூச்சு முட்டுகிறதே என்று நாம் இன்னும் வேகமாய் இழுக்கிறோம். அதனால் கரியமில வாயு அளவுக்கு மிஞ்சி வெளியேறிவிடுகிறது. தலைசுற்றல், விரல் மரத்தல், உதடு விறுவிறுத்தல் இவையெல்லாம் இதனால் வருபவை. ஆக, காற்றுப் போதாமல் நாம் திணறவில்லை. மிதமிஞ்சி மூச்சுவிடுவதால்தான் திணறுகிறோம்.

"மயங்கி விழுந்துவிடுவேனோ?" என்பது எல்லாருக்கும் உள்ள பயம். மயக்கம் பெரும்பாலும் இரத்த அழுத்தம் தாழ்வதால் வருவது. படபடப்பிலோ அழுத்தம் வழக்கமாய்ச் சற்று ஏறுகிறது. ஆகையால் தலைசுற்றினாலும் விழுவது அரிது. இரத்தத்தைக் கண்டு மயங்குவதும், வெயிலிலும் வெறும் வயிற்றிலும் நெடுநேரம் நின்று விழுவதும் வேறு காரியம்.

இங்கே பெரியவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். முற்காலத்தில் நன்மை வாங்குகிறவர்கள் நடு இரவு முதல் தண்ணீரும் குடியாதிருந்தார்கள். 1953-ல் 12-ம் பத்திநாதர் தண்ணீர் குடிக்கலாம் என்றார். 1957-ல் மூன்று மணி நேர உபவாசம் போதும் என்றார். 1964 முதல் நன்மை வாங்குமுன் ஒரு மணி நேரம் மாத்திரமே. தண்ணீரும் மருந்தும் உபவாசத்தை முறிக்கா. வயோதிகருக்கும் வியாதியஸ்தருக்கும் அந்த ஒரு மணி நேரமும் கட்டாயமில்லை. ஆகையால் பழைய வழக்கத்தை எண்ணி வெறும் வயிற்றோடு வந்து தள்ளாடவேண்டாம். விடியற்காலையில் இரண்டு இட்டிலியாவது கஞ்சியாவது சாப்பிட்டு வாருங்கள்.

2. முதலில் வைத்தியரிடம் போங்கள்

நெஞ்சு படபடப்பதெல்லாம் பயத்தினால் என்று தீர்த்துவிடக் கூடாது. முதல்முறை வந்தால் வைத்தியரைப் பார்த்தே ஆகவேண்டும். தைராய்டு சுரப்பி மிகையாய் வேலை செய்தாலும், இரத்தசோகையாலும், நீரிழிவுக்காரருக்குச் சர்க்கரை தாழ்ந்தாலும், இருதயத் துடிப்பின் ஒழுங்கு கெட்டாலும் இதே அடையாளங்கள் காணும். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சில மருந்துகளும் கைநடுக்கமும் படபடப்பும் தரும். நாளைக்கு ஐந்தாறு முறை குடிக்கும் காப்பியும் தேநீரும் அப்படியே. இரவில் குடித்துவிட்டுக் காலையில் நடுங்குகிறவர் தம் நடுக்கத்தின் காரணத்தைத் தாமே அறிவார். அவர் வைத்தியரிடம் அதை மறைக்கவேண்டாம்.

நெஞ்சில் பாரம் வைத்ததுபோன்ற வலி, இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, மாடிப்படி ஏறும்போது வந்து உட்கார்ந்தால் குறையும் வலி, உண்மையாகவே நினைவு தப்புதல் இவை கண்டால் தாமதிக்காமல் 108-க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "போன மாதமும் இப்படித்தான், ஒன்றுமில்லை என்றார்கள்" என்று அசட்டையாய் இருக்கவேண்டாம்.

சீராக் ஆகமம் 38-ம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசியுங்கள். வைத்தியரை மதிக்கும்படியும், மருந்துகளை மண்ணிலிருந்து உண்டாக்கியவர் ஆண்டவரே என்றும், வியாதியில் செபமும் செய்து வைத்தியருக்கும் இடங்கொடுக்கும்படியும் அங்கே போதிக்கப்படுகிறது. இரண்டும் வேண்டும், ஒன்று மற்றொன்றுக்குப் பகையல்ல.

ஈ.சி.ஜி. எடுத்து, இரத்தம் சோதித்து, "இருதயம் நன்றாயிருக்கிறது" என்று வைத்தியர் சொன்னால், அந்த வார்த்தையை நம்புங்கள். வாரந்தோறும் வேறு வேறு ஆஸ்பத்திரி ஏறி அதே சோதனையைச் செய்துகொண்டிருப்பது பயத்துக்குத் தீனி போடுவதாகும்.

3. இது பாவமா? விசுவாசக் குறைவா?

"ஆண்டவரை நம்புகிறவனுக்கு ஏன் பயம்?" என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல எண்ணத்தோடு கேட்டாலும் அது நோயாளியின் நெஞ்சில் ஈட்டிபோல் பாய்கிறது.

செபமாலையின் துக்க தேவ இரகசியங்களில் முதலாவது எது? நம் ஆண்டவர் பூங்காவனத்தில் இரத்த வேர்வை வேர்த்தது. எத்தனை ஆயிரம் முறை நாம் அதைச் சொல்லியிருக்கிறோம்! அதன் பொருளைச் சற்று நின்று நினைத்தோமா? பாவமே இல்லாத சேசுநாதர் திகிலும் மனக்கலக்கமும் அடைந்தார் என்று மாற்கு எழுதுகிறார். அவருடைய வேர்வை பெரும் இரத்தத் துளிகள்போல் தரையில் விழுந்ததை எழுதியவரோ லூக்காஸ். அவரை அர்ச். சின்னப்பர் தமது நிருபத்தில் வைத்தியர் என்று அழைக்கிறார். ஆண்டவருடைய பரிசுத்த சரீரமே அச்சத்தால் வேர்த்தது என்றால், நம் சரீரம் நடுங்குவது எப்படிப் பாவமாகும்? பாவம் நம் சம்மதத்தால் உண்டாவது. இருதயம் வேகமாய் அடிப்பதற்கு நம் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை.

எலியாஸ் தீர்க்கதரிசியையும் பாருங்கள். கார்மேல் மலையில் அத்தனை பேரை எதிர்த்து நின்றவர், ஜெசபேல் அரசியின் ஒரு மிரட்டலுக்கு நடுங்கி வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு செடியின் நிழலில் விழுந்து சாவைக் கேட்டார். ஆண்டவர் அவரைக் கடிந்துகொண்டாரா? இல்லை. முதலில் தூங்கவிட்டார். சம்மனசு வந்து தட்டி எழுப்பி, தணலில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் கொடுத்தார். மறுபடி தூக்கம், மறுபடி அப்பம். அதற்கெல்லாம் பிறகே ஓரேபு மலையில் மெல்லிய காற்றின் ஓசையில் அவரோடு பேசினார். சரீரத்துக்கு வேண்டியதை முதலில் கவனித்தவர் ஆண்டவரே. நாம் அதை அசட்டை செய்யலாமா?

சிலருக்கு இந்தப் படபடப்போடு, "அந்தப் பாவத்தைச் சரியாய்ச் சொன்னேனோ, சொல்லவில்லையோ?" என்ற ஓயாத சந்தேகமும் சேர்ந்துகொள்ளும். அர்ச். இஞ்ஞாசியார் 1522-ல் ஸ்பெயின் தேசத்து மன்ரேசா ஊரில் மாதக்கணக்காய் இந்த உபாதையை அனுபவித்தார். சொன்ன பாவங்களையே மறுபடி மறுபடி சொல்லத் துடித்தார். உயிரையே வெறுக்கும் அளவுக்குப் போனார். அதிலிருந்து மீண்டவரே பின்னாளில் ஆயிரக்கணக்கான ஆத்துமங்களுக்கு வழிகாட்டினார். ஆறுதல் இல்லாத வேளையில் எந்தத் தீர்மானத்தையும் மாற்றாதே என்பது அவர் தந்த விதி. படபடப்பின் நடுவே, "இனி கோவிலுக்கே போகமாட்டேன், வேலையை விட்டுவிடுவேன்" என்று முடிவு செய்யாதீர்கள். தணிந்தபின் யோசிக்கலாம்.

பேய் பிடித்தது, செய்வினை என்று நோயாளியை இழுத்துக்கொண்டு அலைகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பேயோட்டுவதற்கு மேற்றிராணியாரின் வெளிப்படையான உத்தரவு வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். அதற்கு முன் அது வியாதியல்ல என்று நிச்சயப்படுத்தவேண்டும் என்றும் திருச்சபை போதிக்கிறது. தாயத்தும் மந்திரமும் கட்டுவது முதற் கட்டளைக்கு விரோதம். அதோடு, பயந்திருக்கிற ஒருத்தியிடம் "உனக்குள் பிசாசு இருக்கிறது" என்று சொல்வதைவிடக் கொடுமை வேறில்லை.

4. அலை எழும்பும்போது

ஆஸ்திரேலியா தேசத்தில் கிளேர் வீக்ஸ் என்ற பெண் வைத்தியர் இருந்தார். இளவயதில் அவருக்கே நெஞ்சு படபடப்பு வந்தது. காசநோய் என்று தவறாய் எண்ணி அவரைச் சானடோரியத்தில் மாதக்கணக்காய் வைத்தார்கள். தன் இருதயத்தையே உற்றுக் கேட்டுக் கேட்டு அவர் பயம் பெருகிற்று. முதல் உலக யுத்தத்தில் போராடிய ஒரு நண்பரிடம் இதைச் சொன்னபோது, "யுத்தமுனையில் எங்களுக்கும் இப்படித்தான் இருந்தது, இது பயத்தின் வேலை" என்ற கருத்தில் அவர் ஆறுதல் கூறினார். அன்று முதல் அவருக்கு விடுதலை தொடங்கிற்று. பின்னர் வைத்தியம் படித்து, நோயாளிகளுக்கு அதையே போதித்து, 1962-ல் நூலாகவும் எழுதினார். அவருடைய வழி நான்கு படிகளாம். அவற்றை நம் குடும்பங்களுக்கு ஏற்றபடி சொல்லுகிறோம்.

முதலாவது, ஓடாமல் முகங்கொடுங்கள். "இது படபடப்பு. முன்பும் வந்தது, போயிற்று. இப்போதும் போகும்" என்று உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, இடங்கொடுங்கள். பல்லைக் கடித்து, முஷ்டியை இறுக்கி அதோடு மல்லுக்கு நிற்பதால் அட்ரினல் ரசம் இன்னும் சுரக்கிறதேயொழியக் குறைவதில்லை. தோளைத் தளர்த்துங்கள். தாடையைத் தளர்த்துங்கள். அடிக்கிற இருதயம் அடிக்கட்டும்.

மூன்றாவது, மிதந்து செல்லுங்கள். கடற்கரை ஊர்களில் பிறந்தவர்களுக்கு இது தெரியும். பெரிய அலை வரும்போது எதிர்த்து நெஞ்சைக் கொடுத்தால் அது புரட்டிப்போடும். உடலைத் தளர்த்தி அதன்மேல் ஏறிக்கொண்டால் நம்மைத் தூக்கி இறக்கிவிட்டுக் கரைக்குப் போய்விடும். செய்துகொண்டிருந்த வேலையை மெதுவாய்த் தொடருங்கள்.

நான்காவது, காலத்துக்கு விடுங்கள். "இன்னும் போகவில்லையே" என்று கடிகாரத்தைப் பார்க்கவேண்டாம். ஒரு தரத்தில் எல்லாம் தீர்ந்துவிடவேண்டும் என்றும் எதிர்பார்க்கவேண்டாம்.

மூச்சுக்கு ஒரு துணையும் நம் கையில் உண்டு. இத்தாலி நாட்டுப் பவீயா நகரத்து வைத்தியர் லூச்சியானோ பெர்னார்தியும் அவருடைய தோழர்களும் 23 பேரைக் கொண்டு செய்த சோதனை 2001-ல் பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்தது. லத்தீன் மொழியில் அருள் நிறை மந்திரத்தை வழக்கமாய்ச் செபமாலையில் சொல்வதுபோல் சொன்னபோது, அவர்களுடைய மூச்சு நிமிடத்திற்கு ஏறக்குறைய 6 என்ற அளவுக்குத் தணிந்தது. இருதயத்தின் ஒழுங்கும் அதனால் நன்மையடைந்தது. சாதாரணமாய் நாம் நிமிடத்திற்கு 12 முதல் 20 வரை மூச்சு விடுகிறோம். அர்ச். இஞ்ஞாசியாரும் தமது ஞானப்பயிற்சி நூலில், ஒரு மூச்சுக்கு ஒரு வார்த்தையாக மெதுவாய்ச் செபிக்கும் முறையைக் கற்பித்திருக்கிறார்.

தமிழில் நம் செபங்கள் நீளமானவை; ஒரே மூச்சில் சொல்ல முயலவேண்டாம். மூக்கால் மெதுவாய் மூச்சை இழுக்கும்போது "சேசுவே" என்று நினையுங்கள். அதைவிட மெதுவாய் விடும்போது "உமது கையில் இருக்கிறேன்" என்று நினையுங்கள். வயிறு எழும்பித் தாழட்டும், நெஞ்சு அல்ல. நாள்தோறும் இரவுச் செபத்துக்குமுன் ஐந்து நிமிடம் இதைப் பழகுங்கள். நீந்தக் கற்பது குளத்தில், புயலில் அல்ல. ஆனால் இதை மந்திரம்போல் எண்ணி, "செபித்தும் நிற்கவில்லையே, ஆண்டவர் கைவிட்டாரோ?" என்று கலங்கவேண்டாம். பூங்காவனத்தில் ஆண்டவர் செபித்த உடனே பாத்திரம் அகன்றுபோகவில்லை. திடப்படுத்தச் சம்மனசுதான் வந்தார்.

காகிதப் பையில் மூச்சு விடச் சொல்லும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஆஸ்துமாவோ இருதய நோயோ இருந்தால் அது ஆபத்தாய் முடியும்.

5. கோவிலுக்குத் திரும்பும் வழி

பீதித் தாக்குதலைவிட, அது மறுபடி வருமோ என்ற பயமே மனிதரை அதிகமாய் முடக்குகிறது. ஓடிவந்தவுடன் படபடப்பு தணிகிறது. "ஓடியதால் பிழைத்தேன்" என்று மனம் கணக்குப் போட்டுக்கொள்ளுகிறது. ஓடாமல் இருந்தாலும் தணிந்திருக்கும் என்பதை அது அறிய வாய்ப்பே இல்லை. இப்படியே கோவில், சந்தை, பஸ், பள்ளிக்கூடம் என்று ஒவ்வொரு வாசலாய் அடைபட்டு, கடைசியில் வீட்டுத் திண்ணையே எல்லையாகிறது.

ஆகையால் திரும்பி வரவேண்டும், ஆனால் படிப்படியாக. முதலில் சனிக்கிழமை மாலை, கோவில் காலியாயிருக்கும்போது வந்து பத்து நிமிடம் நற்கருணைநாதர் முன் உட்காருங்கள். சில முறை அது பழகியபின், கூட்டமில்லாத கிழமைநாள் பூசைக்கு வாருங்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமை பின்வரிசையில், வாசலருகே, உங்களை அறிந்த ஒருவரோடு உட்காருங்கள். வாரம் ஒரு வரிசையாய் முன்னே நகரலாம். ஒவ்வொரு படியிலும் அலை எழும்பும். எழும்பி இறங்கும்வரை அங்கேயே இருங்கள். தாங்காமல் வெளியே போனாலும், வீட்டுக்குப் போகவேண்டாம். தணிந்தவுடன் உள்ளே வாருங்கள். அது தோல்வியல்ல.

வியாதியினால் உண்மையாகவே வர இயலாதவர்களுக்கு ஞாயிறு பூசை தவறியது பாவமல்ல. பங்குச் சுவாமியாரிடம் சொன்னால் வீட்டுக்கு நற்கருணை கொண்டுவருவார். ஆயினும் அதோடு நின்றுவிடாமல், மேலே சொன்ன படிகளில் ஏற முயலுங்கள்.

6. வீட்டார் செய்யவேண்டியது

பூங்காவனத்தில் சேசுநாதர் தம் சீடரிடம் புத்திமதி கேட்கவில்லை. தம்மோடு விழித்திருக்க மாத்திரமே கேட்டார். அவர்களோ தூங்கிவிட்டார்கள். நாமாவது விழித்திருப்போம்.

வீட்டில் ஒருவருக்குப் படபடப்பு வந்தால் அலறியடித்துக் கூட்டம் கூட்டாதீர்கள். முகத்தில் தண்ணீர் அறைவதும், கையில் இரும்பைத் திணிப்பதும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில், "நான் இருக்கிறேன். இது வந்துபோகும். மெதுவாய் மூச்சு விடம்மா" என்று சொல்லுங்கள். நீங்கள் மெதுவாய் மூச்சுவிட்டால் அவர்களும் உங்களைப் பார்த்து மெதுவாய் விடுவார்கள். "சும்மா நடிக்கிறாள்" என்ற சொல் உங்கள் வாயில் வரக்கூடாது. அந்த நடுக்கம் மெய். அவள் அஞ்சுகிற ஆபத்துதான் மெய்யல்ல.

மறுபுறம், இரக்கத்தால் அவர்களைச் சிறைப்படுத்தவும் வேண்டாம். "நீ போகாதே, நானே கடைக்குப் போகிறேன்" என்று எந்நாளும் தாங்கினால் பயம் வேரூன்றும். "வா, சேர்ந்து போவோம்" என்பதே சரியான அன்பு.

மாதக்கணக்காய்த் தொடர்ந்தாலோ, வேலையும் தூக்கமும் கெட்டாலோ மனநல வைத்தியரிடம் போங்கள். கண்ணுக்குக் கண் வைத்தியரிடம் போக வெட்கப்படாத நாம் இதற்கு ஏன் வெட்கப்படவேண்டும்? பயம் பிடிக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் திருத்தும் பேச்சுச் சிகிச்சை உண்டு. நாள்தோறும் சாப்பிடும் மாத்திரைகளும் உண்டு. அவற்றின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். உடனே பயத்தை அடக்கும் சில மாத்திரைகள் பழக்கமாகிவிடக் கூடியவை. அவற்றை வைத்தியர் சொன்ன அளவுக்குமேல் சாப்பிடுவதும், பக்கத்து வீட்டாரிடம் வாங்கி விழுங்குவதும், திடீரென்று நிறுத்துவதும் ஆகாது.

அரசாங்கத்தின் டெலி மானஸ் என்ற மனநல உதவி 2022 அக்டோபர் முதல் நடக்கிறது. 14416 என்ற எண்ணுக்கு இரவும் பகலும் இலவசமாய்ப் பேசலாம், தமிழிலும் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் நினைவு யாருக்கேனும் வந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கவேண்டாம். அவரைத் தனியே விடவும் வேண்டாம்.

7. வீட்டில் கூடிச் சொல்ல வினா விடை

வினா: படபடப்பு வருவது பாவமா?
விடை: அல்ல. சம்மதமின்றிச் சரீரத்தில் எழும்பும் அச்சம் பாவமாகாது.

வினா: படபடப்பால் உயிர் போகுமா?
விடை: போகாது. ஆனால் அது படபடப்புத்தான் என்று முதலில் வைத்தியர் சொல்லவேண்டும்.

வினா: அது வரும்போது என்ன செய்யவேண்டும்?
விடை: ஓடாமல், எதிர்த்துப் போராடாமல், மெதுவாய் மூச்சுவிட்டு, தணியும்வரை பொறுத்திருக்கவேண்டும்.

வினா: செபிப்பதா, மருந்து சாப்பிடுவதா?
விடை: இரண்டும். இரண்டையும் தந்தவர் ஒருவரே.

இந்த வாரத்துக்கான பயிற்சி: ஒவ்வொரு குடும்பமும் துக்க தேவ இரகசியங்களின் முதற் பத்தை, நம் பங்கில் பயத்தோடு போராடுகிறவர்களுக்காக ஒப்புக்கொடுக்கட்டும். நெடுநாள் கோவிலில் காணாத ஒரு அயல்வீட்டாரை நினைத்துப் பாருங்கள். "ஏன் வருவதில்லை?" என்று கேட்கவேண்டாம். "ஞாயிறு பின்வரிசையில் உங்களுக்கு ஒரு இடம் பிடித்து வைக்கிறேன், சேர்ந்து உட்காருவோம்" என்று சொல்லுங்கள்.

வேப்பமரத்தடியில் தனியே உட்கார்ந்திருக்கும் அந்தத் தாயே, இதை நீங்கள் வாசித்தால், உங்களுக்கு ஒரு வார்த்தை: நீங்கள் பூசையை விட்டு ஓடியதாக எண்ணுகிறீர்கள். உங்களைப்போல் வேர்த்து, நடுங்கி, துணைக்கு ஆள் தேடியவரே அந்தப் பீடத்தில் எழுந்தேற்றப்படுகிறார். உள்ளே வாருங்கள். வாசலருகே இடம் இருக்கிறது.